கடை மாவில் ஆப்பிள் டம்ப்ளிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஜெர்மானிய வம்சாவளியினரின் வீடுகளில் பல தலைமுறைகளாகச் செய்யப்படும் பலகாரம் ஆப்பிள் டம்ப்ளிங். முழு ஆப்பிளின் தோலைச் சீவி, நடுத்தண்டைக் குடைந்து, அந்தக் குழியில் சர்க்கரையும் பட்டைத்தூளும் அடைத்து, மாவில் பொதிந்து, பாகு ஊற்றி ஓவனில் வேகவைப்பார்கள். நம் கொழுக்கட்டையில் பூரணம் இருக்கும் இடத்தில் இங்கே பழம். ஆவிக்குப் பதில் ஓவன். சூடான டம்ப்ளிங்கைக் கிண்ணத்தில் போட்டு, மேலே குளிர்ந்த பாலை ஊற்றிச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். காலை உணவாகவே சாப்பிடுகிறவர்களும் உண்டு.

முழு ஆப்பிள் முறைக்கு மாவு பிசைந்து, குளிரவைத்து, தேய்க்க வேண்டும். முதல்முறை செய்பவருக்கு அதிலேயே பாதி நாள் போய்விடும். அமெரிக்க மளிகைக் கடைகளின் குளிர் அலமாரியில், பாலுக்கும் வெண்ணெய்க்கும் பக்கத்தில், அட்டைக் குழாயில் அடைத்த க்ரெஸன்ட் ரோல் (பிறை வடிவச் சுருள் ரொட்டி) மாவு கிடைக்கும். அதை வைத்துச் செய்யும் குறுக்குவழிதான் இங்கே சொல்லப்படுவது. கைவேலை இருபது நிமிடம், ஓவனில் நாற்பது நிமிடம், ஆற இருபது நிமிடம்.

மாவைக் கடை தந்துவிடுகிறது. உங்கள் பொறுப்பு ஈரத்தைப் பார்த்துக்கொள்வது மட்டுமே. பழத்துக்குள் தண்ணீர் இருக்கிறது, பாகிலும் இருக்கிறது, வெண்ணெயில்கூடக் கொஞ்சம் இருக்கிறது. டம்ப்ளிங்கின் அடிப்பக்கம் பாகில் ஊறி மெத்தென்று ஆக வேண்டும், மேல்பக்கம் காய்ந்து மொறுமொறுவென்று நிற்க வேண்டும். இந்தப் பலகாரத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போவதால் வருபவை.

தேவையானவை (எட்டு டம்ப்ளிங்குக்கு)

க்ரெஸன்ட் ரோல் மாவு: 226 கிராம் (8 அவுன்ஸ்) குழாய் ஒன்று. உள்ளே எட்டு முக்கோணங்கள் இருக்கும்
கிரானி ஸ்மித் ஆப்பிள்: பெரியது ஒன்று, சுமார் 220 கிராம்
உப்பில்லாத வெண்ணெய்: 113 கிராம் (அமெரிக்க வெண்ணெயில் ஒரு குச்சி)
சர்க்கரை: 120 கிராம்
பட்டைத்தூள்: அரை டீஸ்பூன், தூவக் கொஞ்சம் கூடுதலாக
வனிலா எசன்ஸ்: அரை டீஸ்பூன்
உப்பு: இரண்டு சிட்டிகை
எலுமிச்சைச் சுவையுள்ள சோடா அல்லது ஜிஞ்சர் ஏல் (இஞ்சிச் சுவையுள்ள சோடா): 180 மில்லி, குளிர்ச்சி போனது
8 அங்குலச் சதுர பேக்கிங் பாத்திரம், 2 அங்குல ஆழமுள்ளது

அமெரிக்க வீடுகளில் வழக்கமாக இந்த அளவுக்கு 150 கிராம் சர்க்கரை போடுகிறார்கள். சோடாவிலும் சர்க்கரை இருப்பதால் அது திகட்டும். 120 போதும். 100-க்குக் கீழே போனால் இனிப்பு குறைவதோடு பாகும் கெட்டிப்படாது.

இரண்டு குழாய் வாங்கிப் பதினாறு செய்வதானால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி 9-க்கு 13 அங்குலப் பாத்திரத்தில் வையுங்கள். அப்போது 355 மில்லி சோடா கேன் ஒன்று சரியாக இருக்கும்.

எந்த ஆப்பிள்

இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கிரானி ஸ்மித் என்கிற பச்சை ஆப்பிளில் புளிப்பு கூடுதல், சதையும் இறுக்கம். பழச் சதையின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். புளிப்பு இருக்கும் இடத்தில் அது சூட்டில் எளிதில் கரையாது. அதனால் நாற்பது நிமிடம் ஓவனில் இருந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், கத்தி மட்டும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். கூடவே அந்தப் புளிப்புதான் பாகின் தித்திப்பைச் சமன் செய்கிறது. பச்சை ஆப்பிள் கிடைக்காவிட்டால் ஹனிகிரிஸ்ப், பிரேபர்ன் இரண்டும் பரவாயில்லை. ஹனிகிரிஸ்ப் இனிப்பு அதிகம் என்பதால் சர்க்கரையில் 20 கிராம் குறைத்துக்கொள்ளலாம்.

மெக்கின்டாஷ் வேண்டாம். வெந்ததும் கரைந்து கூழாகிவிடும், மாவுக்குள் வெற்றிடம்தான் மிஞ்சும். ரெட் டெலிஷியஸும் வேண்டாம். பச்சையாகச் சாப்பிடவே மாவுபோல் இருக்கும் பழம், சூடுபட்டால் சுவையும் போய்விடும்.

மாவுக் குழாய் பற்றி

இந்தக் குழாய் மாவின் வரலாறு 1931-இல் தொடங்குகிறது. கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்து லைவ்லி வில்லபி என்பவர், பிசைந்த மாவைக் குழாயில் அடைத்துக் குளிரில் வைத்து விற்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அந்த வணிகம் பில்ஸ்பரி நிறுவனத்தின் கைக்கு வந்து, அமெரிக்கா முழுக்கப் பரவியது. மாவில் பேக்கிங் பவுடர் போன்ற பொருள் கலந்திருப்பதால் குழாய்க்குள் கரியமில வாயு உருவாகி அழுத்திக்கொண்டே இருக்கும். திறக்கும்போது வெடிச்சத்தம் கேட்பது அதனால்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பொருள் பட்டியலை ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு வாங்குங்கள். க்ரெஸன்ட் மாவுகள் பலவற்றில் பாமாயில்தான் இருக்கும். ஆனால் பக்கத்திலேயே விற்கும் பை க்ரஸ்ட் (பழம் வைத்துச் சுடும் 'பை' பலகாரத்துக்கான மாவு) வகைகள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். பட்டியலில் 'லார்ட்' என்று ஒரே ஒரு சொல்லாக அது ஒளிந்திருக்கும். 'மோனோ அண்ட் டைகிளிசரைட்ஸ்' என்கிற கொழுப்புப் பொருள் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். கண்டிப்பாக இருப்பவர்கள் 'வீகன்' என்று அச்சிட்ட குழாயை எடுப்பது நல்லது.

வாங்கியதும் நேராக வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோங்கள். வெயிலில் நின்ற காரில் ஒரு மணி நேரம் கிடந்தால், மாவின் அடுக்குகளுக்கு இடையே இருக்கும் கொழுப்பு உருகி மாவோடு கலந்துவிடும். அதன் பிறகு மறுபடி குளிரவைத்தாலும் அடுக்கு வராது. ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். கடையிலேயே வெடித்து மாவு பிதுங்கியிருக்கும் குழாயை எடுக்காதீர்கள்.

செய்முறை

முதலில் ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (175 டிகிரி செல்சியஸ்) வையுங்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் சூடேறட்டும். பாத்திரத்தின் உள்ளே வெண்ணெய் லேசாகத் தடவிவையுங்கள். மாவுக் குழாய் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

ஆப்பிளின் தோலைச் சீவி, நான்காகப் பிளந்து, விதைப்பகுதியைச் சாய்வாக வெட்டி எடுங்கள். ஒவ்வொரு கால்பகுதியையும் நீளவாக்கில் இரண்டாக்கினால் எட்டுத் துண்டு. துண்டின் தடித்த இடம் 2 சென்டிமீட்டர் இருந்தால் சரி. இரண்டரைக்கு மேல் போனால் மாவு சிவந்த பிறகும் பழம் நறுக்கென்று கடிபடும். ஒன்றரைக்குக் கீழே போனால் குழைந்துவிடும்.

வாழைக்காய், கத்தரிக்காய் நறுக்கினால் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போடுவது நம் கைப்பழக்கம். இங்கே அதைச் செய்யாதீர்கள். ஆப்பிள் துண்டு உறிஞ்சும் தண்ணீர் அத்தனையும் பிறகு மாவுக்குள்தான் வெளியேறும். லேசாகப் பழுப்பேறினால் ஏறட்டும், பட்டைத்தூளில் அது தெரியாது. துண்டுகளைக் காகிதத் துவாலையில் ஒற்றி எடுத்து, பட்டைத்தூளை மட்டும் ஒரு சிட்டிகை தூவுங்கள். பழத்தின் மேல் நேரடியாகச் சர்க்கரை தூவினாலும் இதே தொல்லைதான்: சர்க்கரை பழத்துச் சாற்றை வெளியே இழுக்கும், சுருட்டி முடிப்பதற்குள் மாவின் உட்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடும்.

இப்போது மாவை எடுங்கள். குழாயின் மேல்தாளை உரியுங்கள். சில குழாய்கள் அப்போதே 'டப்' என்று திறந்துகொள்ளும். திறக்காவிட்டால், குழாயைச் சுற்றிச் சாய்வாக ஓடும் இணைப்புக்கோட்டில் டீஸ்பூனின் அடிப்பக்கத்தை வைத்து அழுத்துங்கள். முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம். கோடு பிளந்ததும் வெள்ளை மாவு மூச்சு விட்டதுபோல் பிதுங்கும். இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் திருகி மாவை வெளியே எடுங்கள்.

சுருளைப் பிரித்துப் பரப்பினால் முக்கோணங்களைப் பிரிக்கும் துளைக்கோடுகள் தெரியும். அவற்றின் வழியே கிழித்தெடுங்கள். மாவு கையில் ஒட்டினால் சூடாகிவிட்டது என்று பொருள். காய்ந்த மாவைத் தூவிச் சமாளிப்பதைவிட, தட்டோடு ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து எடுப்பதே மேல். துளைக்கோடு இல்லாத ஒரே தாளாக விற்கும் மாவு கையில் கிடைத்திருந்தால், கத்தியால் நான்கு செவ்வகம் போட்டு ஒவ்வொன்றையும் மூலைவாட்டில் வெட்டுங்கள்.

முக்கோணத்தின் அகலப்பக்கம் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். அந்த ஓரத்தில் ஒரு ஆப்பிள் துண்டைக் கிடத்தி, கூர்முனையை நோக்கிச் சுருட்டிக்கொண்டே போங்கள். முனையை அடிக்குக் கொண்டுவந்து விரலால் அழுத்துங்கள். இரண்டு பக்கமும் ஆப்பிள் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது குறை இல்லை. பழத்தின் ஆவி வெளியேற அந்த வாய் வேண்டும். கொழுக்கட்டையை மூடுவதுபோல் எல்லாப் பக்கமும் இறுக்கி அடைத்தால், ஆவி உள்ளேயே தங்கி மாவைப் பச்சையாக வைத்திருக்கும். முனை கண்டிப்பாக அடியில் இருக்க வேண்டும். மேலே விட்டால் வேகும்போது சுருள் பிரிந்துகொள்ளும்.

பாத்திரத்தில் நான்கு நான்காக இரண்டு வரிசை. ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி விடுங்கள். உப்பும்போது அந்த இடைவெளி தானாகவே நிரம்பும்.

பாகு: பதம் பார்க்கக்கூடாத பாகு

அதிரசத்துக்கும் பொரிவிளங்காய்க்கும் பாகு வைத்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இங்கே கம்பிப் பதமும் இல்லை, முத்துப் பதமும் இல்லை. வெண்ணெயைக் குறைந்த தீயில் உருக்குங்கள். கடைசிக் கட்டி கரையும்போதே அடுப்பை அணையுங்கள். சர்க்கரை, பட்டைத்தூள், உப்பு போட்டு நாலைந்து முறை மட்டும் கிளறுங்கள். சர்க்கரை கரையக்கூடாது, ஈரமணல்போல் நறநறவென்று இருக்க வேண்டும். வனிலா சேர்த்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மாவின் கொழுப்பு ஓவனுக்குப் போகும் முன்பே உருகி ஓடிவிடும்.

இந்தக் கலவையைக் கரண்டியால் ஒவ்வொரு டம்ப்ளிங்கின் தலையிலும் விடுங்கள். வெண்ணெய் வழிந்து இறங்கும், கரையாத சர்க்கரை மேலேயே தங்கும். ஓவனில் அதுதான் மொறுமொறுப்பான மேலோடாக மாறுகிறது.

அடுத்தது சோடா. அமெரிக்காவில் இதற்குப் பெயர்போனது மவுன்டன் டியூ. 355 மில்லி கேனில் 46 கிராம் சர்க்கரையும் கூடவே சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. வேலை செய்வது அவை இரண்டும்தான். குமிழி சூடானதும் போய்விடும், எனவே வாயு போன சோடாவாலும் குறை வராது. மவுன்டன் டியூவில் காஃபின் உண்டு. குழந்தைகளுக்குச் செய்தால் காஃபின் இல்லாத ஜிஞ்சர் ஏலையோ எலுமிச்சை சோடாவையோ எடுங்கள். இஞ்சியும் ஆப்பிளும் மிக நன்றாகச் சேரும், எங்கள் தேர்வும் ஜிஞ்சர் ஏல்தான். ஆரஞ்சுச் சாறும் ஊற்றலாம். டயட் சோடா மட்டும் வேண்டாம். அதில் பாகாக மாறச் சர்க்கரையே இல்லை, பல டயட் சோடாக்களில் இருக்கும் ஆஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பு சூட்டில் சிதைந்து இனிப்பையும் இழக்கும்.

சோடாவைப் பாத்திரத்தின் ஓரமாகவும் இரண்டு வரிசைக்கு நடுவிலும் மெல்ல ஊற்றுங்கள். தலையில் ஒரு சொட்டும் விழக்கூடாது. விழுந்தால் நீங்கள் வைத்த சர்க்கரை கழுவிக்கொண்டு போகும், அந்த இடம் வெளிறி, ரப்பர்போல் ஆகிவிடும். ஊற்றி முடித்த பிறகு நீர்மட்டம் டம்ப்ளிங்கின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நின்றால் போதும். அளந்தது மிச்சமிருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓவனில்

பாத்திரத்துக்குக் கீழே ஒரு பெரிய தட்டு வையுங்கள். பாகு பொங்கி ஓவனின் தரையில் விழுந்தால் கருகிப் புகையும், தேய்த்து எடுப்பது பெரும்பாடு. நடுத்தட்டில் 35 முதல் 45 நிமிடம் வேகட்டும். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். அதன்பின் பார்த்து, மேல்பக்கம் அதற்குள் நன்றாகச் சிவந்திருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். ஓரங்களை இறுக்கினால் ஆவி கட்டிக்கொள்ளும்.

வெந்ததைக் கடிகாரத்தைவிடப் பாகு சரியாகச் சொல்லும். ஆரம்பத்தில் குமிழிகள் சின்னதாக, தண்ணீர் கொதிப்பதுபோல் வேகமாக வரும். நேரம் ஆக ஆக அவை பெரிதாகி, சோம்பலாக எழுந்து உடையும், நிறமும் தேன்போல் ஆகும். அப்போது மெல்லிய கத்தியை நடுவில் இருக்கும் டம்ப்ளிங்கின் பக்கவாட்டில் குத்துங்கள். ஓரத்து டம்ப்ளிங் முதலில் வெந்துவிடும், அதை நம்பக்கூடாது. ஆப்பிளுக்குள் தடையில்லாமல் இறங்கி, வெளியே வரும்போது கத்தியில் பச்சை மாவு ஒட்டாமல் இருந்தால் எடுத்துவிடலாம்.

கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடேறும் என்பதால் ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கலாம். அடர்ந்த நிற உலோகப் பாத்திரமானால் அடி சீக்கிரம் சிவக்கும், 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். சூடான கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான மேடையில் வைக்கவே வைக்காதீர்கள். விரிசல் விட்டு உடையும்.

எடுத்ததும் உடனே பரிமாறாதீர்கள். இருபது நிமிடம் பொறுங்கள். பாகு நாக்கைச் சுட்டுவிடும் என்பது ஒரு காரணம். அந்த நேரத்தில்தான் அது கெட்டிப்பட்டு டம்ப்ளிங்கின் அடிக்குள் ஏறுகிறது என்பது இன்னொன்று.

சரியாக வராவிட்டால்

அடிப்பக்கம் ஊறியிருப்பது இயல்பு. ஆனால் வெள்ளையாக, பிசுபிசுவென்று, பச்சை மாவு வாசத்தோடு இருந்தால் வேகவில்லை. சோடா அதிகமாகியிருக்கும் அல்லது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு ஊற்றியிருப்பீர்கள். அலுமினியத் தாள் போர்த்தி இன்னும் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள்.

மேல் கருகி உள்ளே வேகாமல் இருந்தால் ஓவன் காட்டும் எண்ணைச் சந்தேகியுங்கள். வீட்டு ஓவன்கள் பல, காட்டும் அளவிலிருந்து 25 டிகிரி ஃபாரன்ஹீட் வரை தள்ளியே ஓடும். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி வாங்கி வைத்தால், இதற்கு மட்டுமல்லாமல் கேக், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் உதவும்.

இருபது நிமிடம் ஆறிய பிறகும் பாகு தண்ணீராகவே ஓடினால், டம்ப்ளிங்குகளைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, பாகை மட்டும் சின்ன வாணலியில் ஊற்றி மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெண்ணெய் தனியாகப் பிரிந்து மிதந்தால் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு வேகமாக அடித்துக் கலக்குங்கள், சேர்ந்துவிடும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா? போடலாம், 90 கிராம் போதும், ஏனென்றால் வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் நெய்யில் இல்லை. ஆனால் நெய்மணம் ஆப்பிளின் மணத்தை மூடிவிடும். முதல்முறை வெண்ணெயிலேயே செய்யுங்கள்.

வேறு பழங்கள்

பேரிக்காயில் பாஸ்க் வகை இறுக்கமானது, ஆப்பிள்போலவே நிற்கும். பார்ட்லெட் பழுத்ததும் குழைந்துவிடும். பீச் பழத்தை லேசாக அழுத்தினால் கொஞ்சம் மட்டும் அமுங்கும் பருவத்தில் எடுங்கள். டின்னில் வரும் பீச்சானால் சாற்றை வடித்து, காகிதத் துவாலையில் கால்மணி நேரம் பரப்பி வைத்து, சோடாவையும் 120 மில்லியாகக் குறையுங்கள். மாம்பழத்தில் முழுதாகப் பழுப்பதற்கு முந்தைய, கத்திக்குக் கொஞ்சம் எதிர்த்து நிற்கும் பழம் வேண்டும். ஸ்ட்ராபெர்ரி, ப்ளூபெர்ரி இந்த முறைக்கு ஒத்துவராது. சாறு முழுவதும் கொட்டிவிடும்.

உறைந்த பஃப் பேஸ்ட்ரிதான் கிடைக்கிறது என்றால் முறையையே மாற்ற வேண்டும். அது பாகில் ஊறினால் அடுக்குகள் எழும்பாது. பழத்தை மடித்து வைத்து, காய்ந்த தட்டில் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (200 டிகிரி செல்சியஸ்) 20 முதல் 25 நிமிடம் வேகவைத்து எடுங்கள். வெண்ணெய், சர்க்கரை, சோடாவைத் தனியே கொதிக்கவைத்துப் பாகாக்கி, பரிமாறும்போது ஊற்றுங்கள்.

மீதியை மூடி ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் மாவு தோல்போல் இழுபடும். 325 டிகிரி ஃபாரன்ஹீட் (165 டிகிரி செல்சியஸ்) ஓவனில் பன்னிரண்டு நிமிடம், மூடாமல் வையுங்கள். சூடாக்கும் முன் அடியில் உறைந்திருக்கும் பாகில் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு, தட்டில் போட்ட பிறகு மேலே விடுங்கள்.